மலையேறும் ஜீப்புக்கு ஜப்பானிலிருந்து கடிதம் வராது: வாகன மீளழைப்பு பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

சனிக்கிழமை விடிந்தால் கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய வழியாக ஹுன்னஸ்கிரிய நோக்கி வண்டிகள் ஏறத் தொடங்கும். அங்கிருந்து லூல்வத்த, கோர்பட்ஸ் கெப் தாண்டி மீமுரேக்கு இறங்க நல்ல ஜீப் வேண்டும். மறுபக்கம் மாத்தளை ஏறினால் றிவர்ஸ்டன், பிட்டவல பத்தன. நகரத்தின் தலைக்கு மேலேயே ஹந்தானை. இந்தப் பாதைகளில் ஓடுகிறவற்றில் தோட்டத் துரைமார் காலத்து லேண்ட் ரோவரும் பழைய மிட்சுபிஷி ஜீப்பும் உண்டு. ஜப்பானில் ஓடிவிட்டு 'ரீகண்டிஷன்' என்று வந்திறங்கிய பிராடோ, பஜேரோ, ஜிம்னி, வெசல் உண்டு. உல்லாசப் பயணிகளுக்காக இலங்கையின் பல சுற்றுலாத் தலங்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் 'ஏடிவி' என்ற நாலு சக்கர மோட்டார் வண்டியும் உண்டு.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறக்கப்பட்டது. விலை எவ்வளவு, வரி எவ்வளவு என்ற பேச்சுக்கு அடுத்தபடியாக இப்போது அடிபடும் பேச்சு 'ரீகோல்', அதாவது உற்பத்தியாளரே பழுதை ஒப்புக்கொண்டு வாகனத்தை மீள அழைத்துத் திருத்திக் கொடுப்பது. வாகனம் வாங்குவோரும் வைத்திருப்போரும் வாடகைக்கு எடுப்போரும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ரீகோல் வந்த மொடல் என்றால் பிழையான வண்டிதானே? அதை வாங்காமல் விடுவதுதானே புத்தி?

அப்படி ஒதுக்கப் போனால் வாங்குவதற்கு ஒரு மொடலும் மிஞ்சாது. டொயோட்டா, ஹொண்டா, நிசான், சுசுகி, பென்ஸ், பீஎம்டபிள்யூ எல்லாமே மீளழைப்பு அறிவித்தவைதான். ஒரு வாகனத்தில் பல்லாயிரம் பாகங்கள். அவற்றில் பலவற்றை வேறு கம்பனிகள் செய்து கொடுக்கின்றன. ஒரு பாகத்தின் வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ ஆபத்தான குறை இருப்பது தெரியவந்தால், அந்தப் பாகம் பொருத்தப்பட்ட வண்டிகள் எவை என்று சேஸிஸ் எண் வரிசைப்படி பட்டியலிட்டு, உரிமையாளரிடம் காசு வாங்காமல் மாற்றிக் கொடுப்பதுதான் மீளழைப்பு.

நம் வீதிகளில் அதிகம் காணும் ஹொண்டாவையே எடுத்துக்கொள்வோம். 2013 செப்டம்பரில் ஜப்பானில் வெளியான ஃபிட் ஹைபிரிட், ஓராண்டும் ஒரு மாதமும் ஆவதற்குள் ஐந்து தடவை மீள அழைக்கப்பட்டது. அவற்றில் சிலவற்றில் வெசலும் சேர்ந்தது. இரட்டைக் கிளச் கியர்பெட்டியைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்தான் பெரும் தலைவலி. 2014 ஒக்டோபரில் ஹொண்டாவின் தலைவரும் உயர் அதிகாரிகளும் தங்கள் சம்பளத்தைச் சில மாதங்களுக்குக் குறைத்துக்கொண்டார்கள். இதைப் படித்துவிட்டு வெசலை விற்க ஓடத் தேவையில்லை. உங்கள் வண்டிக்கு அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்பதுதான் கேள்வி.

பயப்பட வேண்டியது மறைக்கப்பட்ட பழுதுக்கு. மிட்சுபிஷி மோட்டார்ஸ் கம்பனி வாடிக்கையாளர் முறைப்பாடுகளைப் பல்லாண்டுகளாக அரசுக்குக் காட்டாமல் தனியாக ஒதுக்கி வைத்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் சத்தமில்லாமல் திருத்திக் கொடுத்து வந்தது 2000ஆம் ஆண்டில் அம்பலமானது. பாடம் படித்திருப்பார்கள் என்றுதான் உலகம் நினைத்தது. 2002 ஜனவரியில் யொக்கோஹாமா நகரில் மிட்சுபிஷி ஃபுசோ பாரவூர்தி ஒன்றின் முன்சக்கரம் கழன்று உருண்டு வந்து, நடைபாதையில் பிள்ளைகளோடு சென்ற ஒரு இளம் தாயைக் கொன்றது. பராமரிப்புப் போதாது என்று வண்டிக்காரர்மேல் பழி போட்ட கம்பனி, சக்கரத்தைத் தாங்கும் 'ஹப்' பாகமே பலமற்றது என்பதை 2004இல்தான் ஒப்புக்கொண்டது. மீளழைப்பு அறிவிக்கும் கம்பனியைவிட அறிவிக்காத கம்பனிதான் ஆபத்தானது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவது எல்லாம் கம்பனியின் குறையா?

பெரும்பாலும் இல்லை. உடுதும்பறையிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு வீதியிலோ மீமுரே இறக்கத்திலோ பெரிய கியரில் விட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்தபடியே வந்தால், உராய்வுச் சூட்டில் பிரேக் பட்டைகள் பிடிமானத்தை இழக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றாமல் விட்ட எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, மிதி அடிவரை அமுங்கும், வண்டி நிற்காது. இது பராமரிப்பும் ஓட்டும் முறையும் சம்பந்தப்பட்ட விடயம். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கு என்று மலைநாட்டுப் பழைய சாரதிகள் சொல்லிக் கொடுப்பது இதற்காகத்தான்.

ஒரே மொடல், ஒரே காலத்தில் தயாரான பல வண்டிகளில், ஒழுங்காகப் பராமரித்தும் ஒரே பாகம் பழுதாகிறதா? அப்போது சந்தேகம் தயாரிப்பின்மேல் திரும்ப வேண்டும். கராஜில் 'இந்த மொடலுக்கு இது வழமைதான்' என்று சொன்னால், அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விசாரிக்க வேண்டிய இடமே அதுதான்.

ஏற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடுகிறது. மூன்று கராஜ் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை.

பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் தவறாமல் கேட்டுப் பாருங்கள். ஜப்பானின் டென்சோ கம்பனி செய்து கொடுத்த எரிபொருள் பம்பி ஒன்றில், உள்ளே சுழலும் பிளாஸ்டிக் இறக்கைச்சக்கரம் எரிபொருளை உறிஞ்சி வீங்கி, பக்கச் சுவரில் உரசி நின்றுபோகிறது. 2020 ஜனவரியில் டொயோட்டா இதற்காக மீளழைப்பைத் தொடங்கியது. பின்னர் ஹொண்டா உட்பட வேறு கம்பனிகளும் சேர்ந்து, உலகம் முழுவதும் பல இலட்சம் வண்டிகளுக்குப் பரவியது. கம்ப்யூட்டர் ஸ்கேனில் சில வேளை ஒன்றும் தெரியாது. வண்டி ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடும்.

மட்டமான வீதியில் இது எரிச்சல், அவ்வளவுதான். கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னால் கொள்கலன் லொறி வரும்போது நின்றால் நிலைமை வேறு. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிட அழுத்தமும் இரண்டொரு மிதியோடு தீர்ந்துவிடும். அப்படி நடந்தால் மிதியை விட்டு விட்டு அழுத்தாமல், ஒரே மூச்சில் பலமாக அழுத்திப் பிடியுங்கள்.

எயார்பேக் வெடித்து ஆட்கள் செத்ததாகச் சொல்கிறார்கள். உயிர் காக்கும் பை எப்படிக் கொல்லும்? எங்கள் வண்டியிலும் அது இருக்குமா?

இருக்கக்கூடும் என்பதால்தான் இதற்குச் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டியரிங் நடுவில் மடித்து வைத்திருக்கும் பைக்குப் பின்னால் ஓர் உலோகக் குப்பி இருக்கிறது. மோதல் நடந்தவுடன் அதற்குள் இருக்கும் இரசாயனம் எரிந்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் வாயுவைப் பெருக்கிப் பையை நிரப்பும். ஜப்பானின் தக்காட்டா கம்பனி இதற்கு அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. மலிவானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சும். பகலில் வெயில், இரவில் குளிர், எப்போதும் காற்றில் ஈரம் என்று ஆண்டுக்கணக்கில் மாறி மாறி வந்தால் அந்த இரசாயனக் கட்டிகள் நொய்ந்து போகும். நொய்ந்தது வேண்டிய வேகத்தைவிட வேகமாக எரியும். அழுத்தம் தாங்காமல் உலோகக் குப்பியே சிதறி, துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு சாரதியின் கழுத்திலும் முகத்திலும் பாயும். உயிர் பிழைக்க வேண்டிய சிறு மோதலிலும் ஆள் இறந்துபோன சம்பவங்கள் இதனால்தான். அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 2014 ஜூலையில் மலேசியாவில் ஹொண்டா சிட்டி கார் ஓட்டிய கர்ப்பிணிப் பெண் ஒருவர் இறந்தார். சூடும் ஈரமும் நிறைந்த நாடுகளுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று உலகுக்கு உறைத்தது அதன் பிறகுதான். இலங்கை எந்த வகைக் காலநிலை என்று சொல்லவேண்டியதில்லை.

ஹொண்டா முதல் மீளழைப்பை அறிவித்தது 2008 நவம்பரில். பிறகு டொயோட்டா, நிசான், மஸ்டா, மிட்சுபிஷி, சுபாரு, பீஎம்டபிள்யூ என்று ஏறக்குறைய எல்லாப் பெரிய பெயர்களும் சேர்ந்தன. உலகம் முழுவதும் சுமார் 10 கோடி குப்பிகள். வாகன வரலாற்றில் இதைவிடப் பெரிய மீளழைப்பு கிடையாது. 2017 ஜனவரியில் தக்காட்டா பரிசோதனைத் தரவுகளைத் திரித்த குற்றத்தை அமெரிக்காவில் ஒப்புக்கொண்டு 100 கோடி டொலர் கட்டச் சம்மதித்தது. அதே ஆண்டு ஜூனில் வங்குரோத்தானது.

தக்காட்டா என்றால் எல்லாக் குப்பியும் ஆபத்து என்பதல்ல. எந்த ஆண்டு, எந்தத் தொகுதி என்பதைப் பொறுத்தது. ஆனால் ஒரு மூடநம்பிக்கையை இங்கேயே முறித்துவிட வேண்டும்: 'என் வண்டி இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது, ஓட்டமும் குறைவு' என்பது இதற்குப் பொருந்தாது. ஓடிய தூரம் இங்கே கணக்கில்லை. எத்தனை ஆண்டு ஈரக்காற்றில் இருந்தது என்பதுதான் கணக்கு. கராஜில் நிற்கும் வண்டியின் குப்பியும் நொய்ந்துகொண்டுதான் இருக்கும்.

அப்படியானால் எயார்பேக்கைக் கழற்றிவிடலாமா? கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் மாற்று வாங்கிப் போடலாமா?

இரண்டும் வேண்டாம். அது வெடிமருந்து வைத்த பாகம். மல்டிமீட்டரை வைத்துத் தொட்டாலே வெடிக்க வாய்ப்பு உண்டு. பயிற்சி இல்லாதவர் கைவைக்கும் சாமான் அல்ல. உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய எயார்பேக்கை வாங்கிப் பொருத்தினால், மீளழைப்பில் கழித்துப்போட வேண்டிய குப்பியையே காசு கொடுத்து வாங்கியவர் ஆகலாம். வண்டிக் கம்பனியின் இலங்கை முகவர் மாற்றித் தரும்வரை இருக்கைப்பட்டியைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கிலிருந்து இயன்ற அளவு தள்ளி உட்கார்ந்து ஓட்டுங்கள். உங்கள் மொடலுக்கு 'ஓட்டவே வேண்டாம்' என்று கம்பனி எச்சரித்திருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போங்கள்.

என் வண்டிக்கு மீளழைப்பு இருந்தால் கம்பனி எனக்கு அறிவிக்காதா?

ரீகண்டிஷன் வண்டியென்றால் அறிவிக்காது. இந்தக் கட்டுரை எழுத வேண்டியிருப்பதே இதனால்தான்.

மீளழைப்புக் கடிதம் பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்குப் போகும். ஜப்பானில் ஓடிய வண்டிக்கு அந்தப் பதிவேடு ஜப்பானில் இருக்கிறது. கடிதம் ஒசாக்காவிலோ நாகோயாவிலோ யாரோ ஒருவருடைய வீட்டுக்குப் போகும். அவர் அதை விற்று ஆண்டுகள் ஆகியிருக்கும். இடையில் ஏலம், ஏற்றுமதியாளர், கொழும்பு இறக்குமதியாளர், கண்டி விற்பனையாளர், முதல் உரிமையாளர் என்று கை மாறி, கட்டுகஸ்தோட்டையிலுள்ள உங்களிடம் வந்திருக்கிறது. இந்தச் சங்கிலியில் யாருக்கும் உங்களைத் தேடிச் சொல்லும் கட்டாயம் இல்லை. ஆகவே தேட வேண்டியவர் நீங்கள்தான்.

தேடும் வழி இதோ. வாகனப் பதிவுச் சான்றிதழில், நாம் 'புக்' என்கிறோமே அதில், சேஸிஸ் எண் இருக்கும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டியின் எண், மொடல் குறியீடு, ஒரு சிறு கோடு, பிறகு இலக்கங்கள் என்ற வடிவில் வரும். இணையத்தில் அமெரிக்கத் தளங்கள் கேட்பது 17 எழுத்து எண். அதில் ஜப்பான் எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது. 'ஒன்றும் வரவில்லை, ஆகவே மீளழைப்பு இல்லை' என்று முடிவுகட்டி ஏமாந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். டொயோட்டா, ஹொண்டா, சுசுகி போன்றவை தங்கள் ஜப்பானியத் தளங்களில் சேஸிஸ் எண்ணைப் போட்டுத் தேடும் வசதியை வைத்திருக்கின்றன. பக்கம் ஜப்பானிய மொழியில் இருக்கும், கைத்தொலைபேசியின் மொழிமாற்றியே போதும். அது சரிவராவிட்டால் அந்தந்த வர்த்தகநாமத்தின் இலங்கை முகவரிடம் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, பதிலை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு சிறு அடையாளம் உண்டு. ஜப்பானில் மீளழைப்புத் திருத்தம் செய்தால், பல வேளைகளில் சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் இடத்தில், கதவுப் பூட்டு மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில், இலக்கம் போட்ட சிறு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அது இருந்தால் ஏதோ ஒரு திருத்தம் நடந்திருக்கிறது. எல்லாம் நடந்துவிட்டது என்று பொருளில்லை. 2018 மே முதல், குறிப்பிட்ட தக்காட்டா குப்பிகளை மாற்றாத வண்டிகள் ஜப்பானின் கட்டாய வாகனப் பரிசோதனையில் தேற முடியாது என்று அந்நாட்டு அரசு விதித்தது. ஆகவே அதற்குப் பின் அங்கே பரிசோதனை முடித்து வந்த வண்டிக்கு ஆபத்து குறைவு. அதற்கு முன்னரே இங்கு வந்து, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள்தான் கவனிக்கப்பட வேண்டியவை. கண்டித் தெருக்களில் அந்த வயது வண்டிகளுக்குக் குறைவில்லை.

முகவரிடம் வாங்காத வண்டிக்கு அவர்கள் இலவசமாகச் செய்து தருவார்களா?

பாதுகாப்பு மீளழைப்பைப் பொறுத்தவரை, எங்கே வாங்கினீர்கள் என்பது கேள்வியாக இருக்கக் கூடாது. குறை உற்பத்தியாளருடையது. ஆனாலும் ஜப்பான் உள்நாட்டு மொடலுக்குரிய பாகத்தை வரவழைக்கக் காலம் பிடிக்கலாம். முகவர் மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி, ஜப்பானியத் தலைமையகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாயால் சொன்ன மறுப்பை வைத்து எங்கும் போக முடியாது.

பிராடோ போன்ற உயரமான வண்டி கவிழ்வது மீளழைப்புக்குரிய குறையா, வண்டியின் இயல்பா?

இரண்டும் கலந்தது. தரையிலிருந்து எடைமையம் எவ்வளவு உயரமோ, சக்கரங்களுக்கிடையிலான அகலம் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்குக் கவிழும் வாய்ப்பு. கல்மேடு ஏற வசதியான உயரம் வளைவில் எதிரியாகிறது. ஆனால் அந்த இயல்பை அடக்க வைத்திருக்கும் மின்னணுக் கட்டுப்பாடு சரியாக வேலை செய்யாவிட்டால் அது குறைதான். 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை, பிராடோவின் அடித்தளத்தில் செய்த லெக்சஸ் ஜீஎக்ஸ் 460ஐச் சோதித்து, வேகமாக வளையும்போது பின்பக்கம் அளவுக்கு மீறி வழுக்குகிறது என்று 'வாங்காதீர்கள்' பட்டியலில் போட்டது. டொயோட்டா உடனே விற்பனையை நிறுத்தி, அமெரிக்காவில் சுமார் 9,400 வண்டிகளை அழைத்து மென்பொருளைத் திருத்தியது. ஒரு பத்திரிகை எழுதி, ஒரு வாரத்துக்குள் ஒரு பெருங்கம்பனி அசைந்த சம்பவம். பொறாமையாகத்தான் இருக்கிறது.

எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாத ஒன்று, ஜீப் கூரையில் ஆட்களை ஏற்றுவது. நாலு பேர் கூரையில் உட்கார்ந்தால் எடைமையம் எங்கே போகும் என்று சாரதிக்குத் தெரியும். காட்சி நன்றாகத் தெரிகிறது என்று ஏறுகிறவருக்குத்தான் தெரிவதில்லை.

பிள்ளைகள் ஏடிவி ஓட்ட ஆசைப்படுகிறார்கள். அது ஆபத்தா?

பெரியவர்களுக்கான ஏடிவியில் 16 வயதுக்குக் குறைந்தவரை ஏற்றக் கூடாது என்பது அமெரிக்கப் பாவனையாளர் பாதுகாப்பு ஆணைக்குழு நீண்டகாலமாகச் சொல்லி வருவது. காரணம் எளிது. அந்த வண்டியைச் சமநிலையில் வைப்பது ஓட்டுகிறவரின் உடம்பு. வளைவில் உடம்பைச் சரித்துச் சாய்க்கும் எடையும் பலமும் பிள்ளைக்கு இல்லை. வண்டி கவிழ்ந்தால் முந்நூறு கிலோ அளவுள்ள இரும்பு மேலே விழும்.

இந்த வகை வண்டிகளின் கதையே மீளழைப்புக்கும் தடைக்கும் நடுவில்தான் நடந்திருக்கிறது. எண்பதுகளில் மூன்று சக்கர ஏடிவி பெருவாரியாக விற்றது. கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்கள் இறந்ததில், 1988இல் அமெரிக்க நீதிமன்ற உடன்பாட்டின்படி பெரிய கம்பனிகள் அதன் விற்பனையை நிறுத்தின. 2009இல் யமஹா, பக்கத்துப் பக்கத்தில் இருவர் உட்காரும் ரைனோ வண்டிகளின் விற்பனையை நிறுத்தி, கவிழ்வதைக் குறைக்கச் சக்கர அகலத்தைக் கூட்டுவது உள்ளிட்ட இலவசத் திருத்தம் செய்து கொடுத்தது. அந்த மொடல்களில் 46 பேர் இறந்திருந்தார்கள். 2016 ஏப்ரலில் போலாரிஸ் கம்பனி சுமார் 1,33,000 ஆர்இசட்ஆர் வண்டிகளை அழைத்தது. ஓடும்போது தீப்பிடிக்கின்றன என்பது காரணம். 160க்கு மேற்பட்ட தீச்சம்பவங்கள், பதினைந்து வயதுப் பயணி ஒருவரின் மரணம். குறைபாட்டை உடனே அறிவிக்கத் தவறியதற்காக அக்கம்பனி 2018இல் 2 கோடியே 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் அபராதம் கட்டியது. அவுஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், 2021 ஒக்டோபர் முதல் பொதுப் பாவனைக்குரிய புதிய 'குவாட்' எனப்படும் நாலு சக்கர ஏடிவிகளில், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் பொருத்தியிருப்பதைக் கட்டாயமாக்கியது. அதற்கு உடன்படாமல் ஹொண்டாவும் யமஹாவும் அந்தச் சந்தையில் குவாட் விற்பதையே விட்டன.

இங்கே வாடகைக்கு எடுப்பவர் என்ன செய்யலாம்? வண்டியில் பெயர்த்தகடும் சேஸிஸ் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத வண்டிக்கு மீளழைப்பு என்பதே கிடையாது, அழைக்க ஆள் வேண்டுமே. ஒருவர் இருக்கையில் இருவர் ஏறாதீர்கள். தலைக்கவசம் தராத இடத்தில் காசைத் திருப்பிக் கேளுங்கள். பல ஏடிவிகளின் பின் அச்சு ஒரே துண்டு. இரு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுழலும். அதனால் தார் வீதியில் வளைவு எடுக்கும்போது முரண்டு பிடிக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு இல்லாத வண்டியைப் பொது வீதியில் ஓட்டவே முடியாது என்பது வேறு. பத்தனைப் புல்வெளிகளில் ஓடினால் நிறுத்தும்போது குனிந்து சைலென்சர் பக்கம் பாருங்கள். காய்ந்த புல் சிக்கியிருந்தால் தீப்பிடிக்க அது போதும்.

எங்களிடம் இருப்பது தாத்தா காலத்து ஜீப். அதற்கும் மீளழைப்பு உண்டா?

இல்லை. அறுபது எழுபது வயது வண்டிக்கு யாரும் கடிதம் எழுதப்போவதில்லை. அதில் எயார்பேக் இல்லை, பலவற்றில் இருக்கைப்பட்டியும் இல்லை, பிரேக் குழாயோ ஒற்றைச் சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் நாலு சக்கரமும் போய்விடும். அதற்கு நீங்களே உற்பத்தியாளர் என்று நினைத்துக்கொண்டு, குழாய், ரப்பர், ஸ்டியரிங் மூட்டு எல்லாவற்றையும் ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பாருங்கள்.

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது புகைப் பரிசோதனை செய்கிறோமே, அதில் பழுது தெரியாதா?

தெரியாது. அது புகையை மட்டும் அளக்கிறது. பிரேக், ஸ்டியரிங், எயார்பேக் எதையும் அது தொடுவதில்லை. பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் காருக்கும் ஜீப்புக்கும் அது கேட்கப்படுவதில்லை. புகைச் சான்றிதழைக் காட்டி 'வண்டி பக்கா' என்று விற்கிறவரை நம்ப வேண்டாம்.

பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், முன் இரும்புக் காவல் எல்லாம் போட்டிருக்கிறேன். மீளழைப்புக்குப் பாதகமா?

பாதகம்தான். உற்பத்தியாளர் செய்த வடிவம் மாறியபின் விபத்து நடந்தால், பழுது அவர்களுடையதா உங்கள் மாற்றத்தாலா என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். முன்னால் பொருத்தும் கனத்த இரும்புக் காவல், மோதலை உணர்ந்து எயார்பேக்கை விரிக்கும் உணரியின் கணக்கைக் குழப்பக் கூடும். 2025 ஜனவரியில் 'கிளீன் ஶ்ரீலங்கா' திட்டத்தோடு பொலிசார் மேலதிக உதிரிகளைக் கழற்றச் சொன்னபோது அழகைக் கெடுக்கிறார்கள் என்று பலர் கோபித்தார்கள். அந்த நடவடிக்கையில் கெடுபிடி இருந்தது உண்மை. ஆனால் சில உதிரிகளைப் பற்றிய அவர்களுடைய அச்சம் நியாயமானது.

காப்புறுதியையும் ஒரு தடவை வாசியுங்கள். தனியார் பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு பயணிகளைக் கூலிக்கு ஏற்றிச் சென்று விபத்து நடந்தால், இழப்பீடு மறுக்கப்படலாம். நக்கிள்ஸ் பக்கம் ஜீப் வாடகைக்கு எடுக்கும் குடும்பங்கள் சாரதியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணமல்ல, 'ஹயரிங் காப்புறுதி இருக்கிறதா' என்பதே.

டைஹட்சு மோசடி செய்ததாமே. ரைஸ் வாங்கலாமா?

அது மீளழைப்பு விவகாரம் அல்ல, சான்றளிப்பு விவகாரம். டைஹட்சு தன் வண்டிகளுக்கும் டொயோட்டா பெயரில் விற்கும் ரைஸ் போன்றவற்றுக்கும் செய்த மோதல் பரிசோதனை முதலியவற்றில் முறைகேடு நடந்தது 2023இல் வெளிவந்தது. டிசம்பரில் 64 மொடல்கள் என்று கணக்கு வந்து, விநியோகமே நிறுத்தப்பட்டது. ஜப்பான் அரசு மறுபடி சோதித்து, 2024இல் படிப்படியாகத் தடையை நீக்கியது. வாங்கலாம். ஆனால் இதற்கும் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விற்றவர் பழுதை மறைத்துவிட்டார். எங்கே முறையிடுவது?

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றி முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். கராஜ் கராஜாக அலைந்து அந்தக் காலத்தைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். தொலைபேசி எண் 1977. அதற்கு வெளியே, 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. விற்கிற பொருள் விற்பனைக்கேற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதிலுள்ள உள்ளார்ந்த நிபந்தனைகளில் ஒன்று. வியாபாரியிடம் வாங்கியவருக்கு இது துணை நிற்கும். தெரிந்தவரிடம் கைமாற்றாக வாங்கியவருக்கு அவ்வளவு கைகொடுக்காது. பற்றுச்சீட்டு, விளம்பரப் பிரதி, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள்.

நம் நாட்டில் மீளழைப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் உண்டா?

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருப்பதுபோல், பழுதை அறிவித்தே ஆக வேண்டும், அறிவிக்காவிட்டால் அபராதம் என்று சொல்லும் வாகன மீளழைப்பு ஏற்பாடு இங்கில்லை. இந்தியாவிலும் வெகுகாலம் இல்லை. 2012 முதல் வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் தன்னார்வ ஒழுங்கு மட்டுமே இருந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2021 ஏப்ரல் முதல் விதிகளை அமுலாக்கினார்கள். குறிப்பிட்ட அளவு முறைப்பாடு சேர்ந்தால் அரசே மீள அழைக்கக் கட்டளையிடலாம், அபராதம் ஒரு கோடி இந்திய ரூபா வரை போகலாம். அந்த ஆண்டு பெப்ரவரியில், விதி வருமுன்னரே, மகிந்திரா தன் தார் ஜீப்பின் 1,577 டீசல் வண்டிகளைக் கேம்ஷாப்ட் குறைக்காகத் தானாக அழைத்திருந்தது.

இலங்கை வாகனம் தயாரிக்கும் நாடல்ல, ஆகவே இந்தியச் சட்டத்தை அப்படியே பிரதி எடுத்துப் பயனில்லை. நமக்கு வேண்டியது வேறு. ஒவ்வொரு இறக்குமதி வண்டியும் பதிவுக்காக மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மேசைக்கு வருகிறது. உரிமை மாற்றத்தின்போது மறுபடி வருகிறது. ஒவ்வொரு ஆண்டும் அனுமதிப்பத்திரத்துக்காகப் பிரதேச செயலகத்தின் கணினியில் அதன் எண் ஏறுகிறது. சேஸிஸ் எண்ணை உற்பத்தியாளரின் மீளழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, நிலுவையில் இருந்தால் அனுமதிப்பத்திரத்தின் ஓரத்தில் ஒரு வரி அச்சிட்டுக் கொடுக்கலாம். வண்டியை நிறுத்தவும் வேண்டாம், அபராதம் விதிக்கவும் வேண்டாம், உரிமையாளருக்குத் தெரிந்தால் போதும். திணைக்களம் இதை அடுத்த அனுமதிப்பத்திரப் புதுப்பித்தலிலிருந்தே தொடங்க வேண்டும். அதுவரை, புக்கை எடுத்து சேஸிஸ் எண்ணைத் தேடிப் பார்க்கும் வேலை உங்களுடையது.